கணையத்தைச் சுற்றும் குழாய்கள்

பித்தப்பைக் கல்லுக்கு வயிற்றில் மூன்று நான்கு சிறு துளைகள் போதும். பையை எடுத்து முடித்த ஓரிரு நாளில் பெரும்பாலோர் வீடு திரும்பிவிடுகிறார்கள். அந்தப் பித்தப்பையிலிருந்து ஒரு கையகலம் தள்ளி இருக்கிறது கணையம். நீளம் சுமார் 15 சென்டிமீட்டர், எடை 100 கிராமுக்குள். அதன் தலைப்பகுதியை அகற்றும் அறுவையோ ஆறு மணி, எட்டு மணி நேரம் நீள்கிறது. பித்தப்பையைத் துளை வழியே எடுப்பது 1990களிலேயே ஊர் ஊராகப் பரவிவிட்டது. கணையத் தலையைத் துளை வழியே எடுப்பதை இன்றும் நன்கு பழகிய மையங்களே மேற்கொள்கின்றன. இவ்வளவு சிறிய உறுப்புக்கு ஏன் இவ்வளவு பாடு?

கணையத்தின் அளவைப் பார்த்தால் இந்தப் புதிர் விடுபடாது. அது எவற்றின் நடுவே படுத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். உடலின் பெரிய இரத்தக் குழாய்கள் சில அதன் மேல்விளிம்பை ஒட்டியும், அதன் முதுகில் பதிந்தும், அதன் கழுத்துக்குப் பின்னால் மறைந்தும் ஓடுகின்றன. குடல், கல்லீரல், மண்ணீரல் ஆகியவற்றுக்கான இரத்தம் அக்குழாய்கள் வழியாகவே போய் வருகிறது. கணைய அறுவையின் கடினமெல்லாம் அந்தக் குழாய்களைக் காப்பதில் இருக்கிறது.

கணையம் இருக்கும் இடம்

கெடாவின் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் பலருக்குக் கணையம் அறிமுகமாவது இனிப்பு நீரின் வழியாகத்தான். சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலின் அங்கேதான் சுரக்கிறது. உணவைச் செரிக்கும் நீரும் அங்கிருந்தே வருகிறது. கொழுப்பையும் புரதத்தையும் கரைக்கும் ஆற்றல் கொண்ட நீர் அது.

வயிற்றறையின் பின்சுவரில், இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால் குறுக்காகப் படுத்திருக்கிறது கணையம். வலப்பக்கத்துத் தடித்த பகுதி தலை. முன்சிறுகுடல் அதைப் பிறைபோல் அணைத்திருக்கிறது. அடுத்து ஒடுங்கிய கழுத்து, நீண்ட உடல், மண்ணீரலை எட்டித் தொடும் வால். தலையின் கீழ்ப்பகுதி இடப்பக்கமாக வளைந்து குழாய்களுக்குப் பின்னால் நுழைகிறது. அதன் வடிவைக் கொண்டு அதைக் ‘கொக்கி முனை’ எனலாம்.

கல்லீரலிலிருந்து வரும் பித்தநாளம் கணையத் தலைக்குள் புகுந்து முன்சிறுகுடலைச் சேர்கிறது. தலையில் கட்டி வந்தால் அந்த நாளம் அடைபடும். கண் மஞ்சளாகும், சிறுநீர் தே-ஓ நிறத்துக்கு மாறும். கூலிமிலோ பீடோங்கிலோ ஒருவர் கிளினிக்குக்குப் போகக் காரணம் பெரும்பாலும் இந்த மஞ்சள்தான். அங்கிருந்து சுங்கை பட்டாணி, அலோர் ஸ்டார் பெரிய மருத்துவமனைகளுக்கு அனுப்பப்பட்டு ஸ்கேன் எடுக்கும்போது கணையத்தின் பெயர் முதன்முதலாகக் காதில் விழுகிறது.

அறுவைகளில் முக்கியமானவை இரண்டு. கட்டி தலையில் இருந்தால் கணையத் தலை, முன்சிறுகுடல், பித்தநாளத்தின் கீழ்ப்பகுதி மூன்றையும் சேர்த்து எடுத்து, மிஞ்சியவற்றைக் குடலோடு தைக்கிறார்கள். நியூயார்க் அறுவை மருத்துவர் ஆலன் விப்பிள் 1935இல் இதைப் பற்றி எழுதியதால் இதற்கு விப்பிள் அறுவை என்று பெயர். கட்டி வாலில் இருந்தால் கணையத்தின் இடப்பாதியை மட்டும் எடுக்கிறார்கள். இரண்டுக்கும் வேண்டிய குழாய் அறிவு வேறு வேறு.

இரு அணை நீர் பாயும் வயல்

கெடாவின் நெல் சமவெளிக்கு மூடா, பெடு என்ற இரண்டு நீர்த்தேக்கங்களின் நீர் பாய்கிறது. இரண்டையும் மலைக்குள் குடைந்த ஒரு சுரங்கம் இணைக்கிறது. கணையத் தலைக்கும் இப்படி இரண்டு மூலங்கள் உண்டு.

இதயத்திலிருந்து முதுகெலும்பை ஒட்டி இறங்கும் பெருந்தமனியின் முன்பக்கத்திலிருந்து, ஒன்றன்கீழ் ஒன்றாக, மிகக் குறைந்த இடைவெளியில் இரண்டு கிளைகள் புறப்படுகின்றன. மேலே இருப்பது வயிற்றுத் தமனித் தண்டு. குட்டையான அடிமரம்போல் இருக்கும் அது மூன்றாகப் பிரிந்து இரைப்பைக்கும் கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் போகிறது. கீழே இருப்பது மேல் குடற்றாங்கித் தமனி. குடலைத் தாங்கும் மடிப்புக்குள் இறங்கி, சிறுகுடலின் பெரும்பகுதிக்கும் பெருங்குடலின் பாதிக்கும் இரத்தம் தருவது இதுதான்.

கல்லீரலுக்குப் போகும் தமனி வழியில் கீழ்நோக்கி ஒரு கிளையை விடுகிறது. இரைப்பைக்கும் முன்சிறுகுடலுக்கும் பொதுவான அந்தக் கிளையிலிருந்து இரண்டு சிறு தமனிகள் கணையத் தலையின் முன்பக்கமும் பின்பக்கமும் இறங்குகின்றன. குடற்றாங்கித் தமனியிலிருந்து வரும் சிறு கிளைகள் கீழிருந்து ஏறி அவற்றோடு சேர்கின்றன. இப்படிக் கணையத் தலையைச் சுற்றி முன்னும் பின்னும் இரண்டு வளைவுகள் உருவாகின்றன.

இரண்டு முனையிலும் மதகுள்ள வாய்க்காலில் ஒரு மதகை அடைத்தாலும் நீர் வற்றாது. கணையத் தலையும் அப்படித்தான். மேலிருந்து இறங்கும் ‘மேல் தமனி’யைக் கட்டி வெட்டிய பிறகும் கீழிருந்து ஏறும் ‘கீழ்த் தமனி’ வழியே இரத்தம் வந்துகொண்டிருக்கும். அத்தோடு தலையிலிருந்து இரத்தத்தை வெளியேற்றும் சிரைகளை முதலில் அடைத்துவிட்டால், வரும் இரத்தம் போக வழியின்றி உறுப்பு வீங்கி, தொட்ட இடமெல்லாம் கசியும். கீழ்த் தமனியை முதலிலேயே தேடிப் பிடித்துக் கட்டும் ‘தமனி முதல்’ முறை இதனால்தான் உருவானது. மேல் தமனி முன்பக்கம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்கிறது. கீழ்த் தமனியோ பெரிய சிரைக்குப் பின்னால், கொக்கி முனையின் ஓரத்தில் மறைந்திருக்கிறது. சிறுகுடலின் முதல் வளைவுக்குப் போகும் தமனியோடு ஒரே அடியிலிருந்து அது கிளைப்பதும் மிகச் சாதாரணம்.

கழுத்துக்குப் பின்னால் ஒரு சங்கமம்

குடலிலிருந்து இரத்தத்தைத் திரட்டிக்கொண்டு மேல் குடற்றாங்கிச் சிரை கீழிருந்து ஏறி வருகிறது. மண்ணீரல் சிரை இடப்பக்கத்திலிருந்து கணையத்தின் முதுகை ஒட்டிப் படுத்தபடி வருகிறது. இரண்டும் கணையத்தின் கழுத்துக்கு நேர் பின்னால் கூடுகின்றன. அந்தக் கூடலிலிருந்து புறப்படுவது வாயிற்சிரை. குடல் உறிஞ்சிய உணவுச்சத்தில் பெரும்பகுதி கல்லீரலுக்குள் நுழையும் வாசல் அதுவே.

தமனியின் சுவர் தடித்தது. கிழிந்தால் இரத்தம் பீய்ச்சும், கிழிந்த இடம் தெரியும். சிரையின் சுவர் நனைந்த காகிதம்போல் மெல்லியது. சற்று இழுத்தாலே பிய்ந்துவிடும், பிய்ந்த இடத்தை இரத்தக் குளம் மூடிவிடும். இப்படிப்பட்ட சிரைக் கூடலுக்கு முன்னால் கணையத்தின் கழுத்தை வெட்ட வேண்டியிருக்கிறது.

இயற்கை இதற்கு ஓர் உதவி செய்திருக்கிறது. கழுத்துக்குப் பின்னால் சிரையின் முன்பக்கத்தில் பொதுவாகக் கிளைகள் இருப்பதில்லை. சிறு சிரைகள் பக்கவாட்டிலிருந்தே வந்து சேர்கின்றன. அதனால் சிரையின் நேர் முன்பக்கத்தில் மெல்ல விலக்கிக்கொண்டே போனால் கழுத்துக்கும் சிரைக்கும் இடையே ஒரு சுரங்கப்பாதை கிடைக்கும். அந்தக் கோட்டிலிருந்து வலப்பக்கமோ இடப்பக்கமோ விலகினால் கிளை கிழியும்.

அச்சுரங்கத்தின் கீழ்வாயிலைக் காட்டும் அடையாளமும் ஒரு சிரைதான். இரைப்பை, பெருங்குடல், கணையத் தலை ஆகியவற்றின் சிறு சிரைகள் கூடி ஒரு குட்டைத் தண்டாகக் குடற்றாங்கிச் சிரையில் விழுகின்றன. ஜெர்மன் உடற்கூறியலர் ஹென்லே 19ஆம் நூற்றாண்டில் விவரித்ததால் அது ஹென்லே தண்டு எனப்படுகிறது. அதைப் பின்தொடர்ந்து போனால் பெரிய சிரையை அடையலாம். பெருங்குடலைக் கொஞ்சம் அதிகமாகக் கீழே இழுத்தாலும் முதலில் கிழிவது அதுதான். இன்னொரு இடறல், சிறுகுடலின் முதல் சிரை. அது பெரும்பாலோருக்குக் குடற்றாங்கித் தமனியின் பின்பக்கமாகக் கடந்து வந்து குடற்றாங்கிச் சிரையின் பின்சுவரில் சேர்கிறது. கொக்கி முனையைப் பிரிக்கும்போது கண்ணுக்குத் தெரியாத இடத்தில் காத்திருக்கும் கிளை அது.

பால்மரப் பட்டையும் தமனியின் உறையும்

எந்தக் குழாய் எங்கே இருக்கிறது என்பதோடு, எந்த ஆழத்தில் கத்தி போக வேண்டும் என்பதும் தெரிய வேண்டும். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய கைகளுக்கு இது புதிதில்லை. மரத்தின் பால்குழாய்கள் பட்டையின் உட்பகுதியில், மரத்தை வளர்க்கும் மெல்லிய வளர்படலத்துக்குச் சற்று வெளியே நெருங்கி அமைந்திருக்கின்றன. மேலாகச் சீவினால் பால் குறையும். ஒரு மில்லிமீட்டர் அதிகம் இறங்கினால் வளர்படலம் காயப்பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும்; அடுத்த சுற்றில் அங்கே வெட்டவே முடியாது. குழாய்கள் நேராக ஏறாமல் சற்றுச் சாய்ந்து சுற்றி ஏறுவதால், இடப்பக்கம் உயர்ந்தும் வலப்பக்கம் தாழ்ந்தும் சாய்வாக வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். விடியுமுன் நெற்றி விளக்கு வெளிச்சத்தில் ஒரே இழுப்பில் சரியான ஆழத்தில் பட்டையைச் சீவியவர்கள், மரத்தின் உடற்கூற்றைக் கையில் வைத்திருந்தவர்கள்.

குடற்றாங்கித் தமனியைச் சுற்றி நரம்பிழைகள் பின்னிய உறை ஒன்று இருக்கிறது. கணையத் தலையை அந்தத் தமனியிலிருந்து பிரிக்கும்போது கணையத்தை ஒட்டியே வெட்டினால் புற்றுத்திசு பின்தங்கிவிடலாம். தமனியை ஒட்டி மிக ஆழமாகப் போய் உறையைச் சுற்றிலும் உரித்துவிட்டால், குடலின் நரம்புக் கட்டுப்பாடு குலைந்து கடும் வயிற்றுப்போக்கு உண்டாகும். தமனியின் சுவரும் பலவீனப்படும். இரண்டுக்கும் நடுவில் உள்ள படலத்தைப் பிடித்துக்கொண்டு போவதே திறமை.

எல்லோருக்கும் ஒரே வரைபடம் கிடையாது

இதுவரை சொன்னது பாடநூல் படம். உண்மையான உடல்கள் அதிலிருந்து அடிக்கடி விலகுகின்றன. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் நிக்கோலஸ் மிக்கேல்ஸ் 200 உடல்களை அறுத்துப் பார்த்து, கல்லீரல் தமனி எத்தனை விதமாக அமையலாம் என்பதை 1955இல் வகைப்படுத்தினார். 1994இல் வெளியான இன்னொரு அமெரிக்க ஆய்வு, மாற்று அறுவைக்காக எடுக்கப்பட்ட 1,000 கல்லீரல்களைப் பார்த்தது. பாடநூலில் உள்ளபடி இருந்தவை 757. வலப்பக்கக் கல்லீரலுக்கான தமனி, முழுதாகவோ கூடுதல் கிளையாகவோ, கீழேயுள்ள குடற்றாங்கித் தமனியிலிருந்து வந்தவை 106.

பத்தில் ஒருவருக்குக் காணப்படும் இந்த மாறுதல் கணைய அறுவையில் மிக முக்கியமானது. அப்படிப்பட்ட தமனி கணையத் தலையின் பின்னால் ஏறிக் கல்லீரலை அடைகிறது. தெரியாமல் வெட்டினால் கல்லீரலின் ஒரு பகுதிக்கும் பித்தநாளத்துக்கும் இரத்தம் குறையும். பித்தநாளத்தைக் குடலோடு தைத்த இடம் ஆறாமல் போகலாம்.

இந்த மாறுதல்கள் எப்படி வருகின்றன? கருவில் பெருந்தமனியின் முன்பக்கத்திலிருந்து ஏணிப் படிகள்போல் பல சிறு தமனிகள் முளைக்கின்றன. அவற்றின் நுனிகளை நெடுக்காக ஒரு குழாய் இணைக்கிறது. வளர வளரப் பெரும்பாலான படிகள் மறைந்து, சில மட்டும் நிலைக்கின்றன. எந்தப் படி மறைகிறது, நெடுக்குக் குழாய் எந்த இடத்தில் அறுகிறது என்பதைப் பொறுத்து இறுதி வடிவம் அமைகிறது. 1904இல் ஜூலியஸ் டாண்ட்லர் தந்த இந்த விளக்கம் இன்றும் பாடமாக இருக்கிறது. படி ஒன்று வழக்கத்துக்கு மாறாக நிலைத்துவிட்டால் கல்லீரலின் தமனி குடற்றாங்கித் தமனியோடு சேர்ந்துவிடும்.

ரப்பர் பாலும் ஸ்கேனும்

இறந்த உடலில் குழாய்கள் சுருங்கிக் கிடக்கும். நுண்கிளைகளைத் திசுவிலிருந்து பிரித்தறிவது கடினம். இதற்கு உடற்கூறியலர்கள் பயன்படுத்திய பொருட்களில் ஒன்று ரப்பர் பால். அம்மோனியா கலந்து உறையாமல் வைத்த பாலில் தமனிக்குச் சிவப்பும் சிரைக்கு நீலமும் கலந்து குழாய்க்குள் செலுத்துவார்கள். உடலைப் பதப்படுத்தும் மருந்து பட்டதும் பால் குழாய்க்குள்ளேயே கெட்டியாகிவிடும். தோட்டத்தின் ரப்பர் ஆலையில் அமிலம் ஊற்றிப் பாலை உறைய வைப்பதற்கும் இதற்கும் அடிப்படை ஒன்றுதான். பிறகு திசுவை விலக்கிப் பார்த்தால் நூலிழை போன்ற கிளைகூட வண்ணத்தோடு தெரியும். பிசின் ஊற்றி இறுகவைத்து, திசுவை அரித்து நீக்கி, பவளக்கொடிபோல் குழாய்களை மட்டும் நிறுத்திக் காட்டும் முறையும் உண்டு.

இவை பொதுவான அமைப்பைக் கற்றுத்தருகின்றன. ஒரு குறிப்பிட்ட நோயாளியின் அமைப்பைக் காட்டுவது சி.டி. ஸ்கேன். கைச் சிரையில் அயோடின் கலந்த மருந்து செலுத்தப்படும்போது உடம்பெங்கும் ஒரு வெதுவெதுப்பு ஓடும். மூச்சை அடக்கச் சொல்லி இயந்திரம் படம் எடுக்கும். நேரக்கணக்குதான் இதில் உயிர். மருந்து தமனிகளில் நிறைந்திருக்கும்போது ஒரு சுற்று, கணையத் திசுவில் பரவிய சுமார் 40 நொடியில் ஒரு சுற்று, குடலைச் சுற்றிச் சிரைக்குத் திரும்பிய சுமார் 70 நொடியில் ஒரு சுற்று. ஒரு மில்லிமீட்டர் அளவு மெல்லிய அடுக்குகளாக எடுத்த படங்களைக் கணினி அடுக்கிச் சேர்த்து, குழாய்களை முப்பரிமாணத்தில் சுழற்றிக் காட்டுகிறது. மேலே சொன்ன 106 பேரின் மாறுதல் இப்போது கத்தி வைக்குமுன்பே தெரிந்துவிடுகிறது.

விரல் போன பிறகு

வயிற்றைத் திறந்து செய்யும் அறுவையில் மருத்துவர் முன்சிறுகுடலை விலக்கி, கணையத் தலைக்குப் பின்னால் இடக்கையை நுழைத்து விரலால் தடவிப் பார்ப்பார். தமனியின் துடிப்பு விரலுக்குத் தெரியும். இடம் மாறி ஏறும் கல்லீரல் தமனியும் அந்தத் துடிப்பால் பிடிபடும். இரத்தம் கசிந்தால் அந்த விரலே அழுத்தி நிறுத்தும்.

லேப்பராஸ்கோப்பி எனப்படும் துளைவழி அறுவையில் கை உள்ளே போவதில்லை. நீண்ட கருவியின் நுனி துடிப்பைச் சரியாக உணர்த்தாது. பதிலாகச் சில நன்மைகள் கிடைக்கின்றன. கேமரா பல மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது. வயிற்றை உப்பவைக்கும் கரியமில வாயுவின் அழுத்தம் சிறு சிரைகளின் கசிவைக் குறைக்கிறது. பார்வையும் மாறுகிறது. திறந்த அறுவையில் மேலிருந்து பார்த்த இடத்தைக் கேமரா தொப்புள் பக்கத்திலிருந்து கீழ்ப்புறமாகப் பார்ப்பதால், கொக்கி முனையும் குடற்றாங்கித் தமனியின் பின்பக்கமும் நன்றாகத் தெரிகின்றன. தடவி அறிந்ததை இனி பார்த்தும் முன்கூட்டியே தெரிந்துவைத்தும் அறிய வேண்டும். துளைவழி முறை பரவியபோது குழாய் உடற்கூறு மறுபடி ஆராயப்பட்டது இதனால்தான். 2021இல் ஜப்பானிய மருத்துவர்கள் முன்னெடுத்து, பல நாட்டு வல்லுநர்கள் கூடி, கல்லீரல், கணையத் துளைவழி அறுவைக்குத் தேவையான நுட்ப உடற்கூறு பற்றிப் பரிந்துரைகள் வகுத்தார்கள்.

திறந்த அறுவையிலும் துளைவழி அறுவையிலும் தவறாத ஒரு சோதனை உண்டு. சிலருக்கு உதரவிதானத்தின் நார்ப்பட்டை வயிற்றுத் தமனித் தண்டை அழுத்திக் குறுக்கியிருக்கும். அவர்களுக்குக் கல்லீரலின் இரத்தம் கீழ்த் தமனியிலிருந்து கணைய வளைவுகள் வழியே எதிர்த்திசையில் ஏறிக்கொண்டிருக்கும். மேல் தமனிக் கிளையை வெட்டினால் கல்லீரலுக்கு வரும் இரத்தம் நின்றுவிடும். எனவே வெட்டுமுன் அக்கிளையைக் கவ்வியால் சற்று நேரம் அடைத்துவைத்து, கல்லீரல் தமனி துடிக்கிறதா என்று பார்க்கிறார்கள். விரல் இல்லாத இடத்தில் ஒலியலைக் கருவி இரத்த ஓட்டத்தைச் சொல்லுகிறது. துடிப்பு மங்கினால் வெட்டுவதில்லை. குறுக்கத்தை முதலில் சரிசெய்கிறார்கள்.

வாலும் மண்ணீரலும்

இடப்பாதியை எடுக்கும்போது கேள்வி மண்ணீரலைப் பற்றியது. மண்ணீரல் தமனி கணையத்தின் மேல்விளிம்பில் பாம்புபோல் நெளிந்து ஓடுகிறது. சிலருக்கு நெளிவின்றி, கணையத்தின் பின்னால் பதிந்தபடியும் போகிறது. நெளிந்திருந்தால் விளிம்புக்கு மேலே எட்டிப் பார்க்கும் வளைவைப் பிடிப்பது எளிது. பதிந்திருந்தால் தேடியெடுக்க வேண்டும்.

மண்ணீரலை இழந்தவருக்குச் சில கிருமிகளால் கடும் தொற்று வரும் ஆபத்து வாழ்நாள் முழுதும் உண்டு, தடுப்பூசிகள் அவசியம். எனவே புற்றல்லாத கட்டிகளில் மண்ணீரலைக் காக்க முயல்கிறார்கள். அதற்கு இரு வழிகள். ஜப்பானின் கிமுரா 1996இல் விவரித்த முறையில் தமனியையும் சிரையையும் கணையத்திலிருந்து சிறு கிளை சிறு கிளையாகப் பிரித்துக் காக்கிறார்கள். அமெரிக்காவின் வார்ஷா 1988இல் விவரித்த முறையில் இரண்டையும் கணையத்தோடு எடுத்துவிட்டு, இரைப்பையின் ஓரத்திலிருந்து மண்ணீரலுக்குப் போகும் குட்டைக் குழாய்களை மட்டும் நம்புகிறார்கள். பெரிய வாய்க்கால் அடைபட்டாலும் பக்கத்து வயலின் கசிவில் பிழைக்கும் நாற்றுபோல் மண்ணீரல் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறது. பெரிய மண்ணீரலுக்கு இந்தக் கசிவு போதாது.

அறுவைக்குப் பின்னும் குழாயே கவலை

கணையத்தைக் குடலோடு தைத்த இடத்தில் கசிவு ஏற்பட்டால், புரதத்தைக் கரைக்கும் அந்த நீர் அருகிலுள்ள குழாய்களின் சுவரையும் அரிக்கும். கட்டிவிட்ட மேல் தமனிக் கிளையின் முனை அந்தத் தையலுக்குப் பக்கத்திலேயே இருப்பதால், நாட்கள் கழித்து அங்கே திடீரெனப் பெருங்கசிவு ஏற்படலாம். அதனால் அந்த முனையைச் சற்று நீளமாக விட்டு, இரட்டைக் காப்பாகக் கட்டுகிறார்கள். கல்லீரலை வயிற்றுச் சுவரோடு இணைக்கும் மடிப்பால் சிலர் அதைப் போர்த்தியும் வைக்கிறார்கள்.

துளைவழி விப்பிள் அறுவையை முதலில் செய்தவர் கனடாவின் மிஷல் காங்யே. அதன் விவரம் 1994இல் வெளியானது. தமிழகத்தில் கோயம்புத்தூர் ஜெம் மருத்துவமனையில் சி. பழனிவேலு இதை வளர்த்தெடுத்தார். அவரது குழு 64 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி ஒப்பிட்டு 2017இல் முடிவை வெளியிட்டது. திறந்த அறுவை செய்துகொண்டவர்கள் மருத்துவமனையில் இருந்தது இடைநிலையாக 13 நாள். துளைவழியில் 7 நாள். இரத்த இழப்பும் துளைவழியில் குறைவு. அறுவை நேரம் மட்டும் கூடுதல்.

நெதர்லாந்தில் பல மையங்கள் சேர்ந்து நடத்திய ஆய்வு வேறு செய்தி தந்தது. துளைவழியில் 50 பேரில் 5 பேரும், திறந்த முறையில் 49 பேரில் ஒருவரும் 90 நாட்களுக்குள் இறந்தார்கள். ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டது. 2019இல் அதன் முடிவு வந்தது. சீனாவில் இந்த அறுவையை ஏற்கெனவே நூற்றுக்கு மேல் செய்து பழகியவர்களைக் கொண்டு 656 பேரிடம் நடத்திய ஆய்வில், 2021 வெளியீட்டின்படி, இரு முறையிலும் உயிரிழப்பு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. ஒரே அறுவை, ஒரே வகைக் கருவிகள். முடிவைப் பெரிதும் மாற்றக்கூடியது, இந்தக் குழாய்களை எத்தனை முறை கண்டு பழகியிருக்கிறார்கள் என்பதே. கணைய அறுவைக்கு நோயாளிகளைச் சில பெரிய மையங்களுக்கே அனுப்பும் ஏற்பாடு இதனால் வந்தது. கெடாவில் தோட்டத்து வீட்டிலிருந்து அலோர் ஸ்டாருக்கோ கோலாலம்பூர்ப் பக்கத்துச் செலாயாங்குக்கோ நீளும் பயணத்தின் காரணமும் இதுவே.